ஸ்பர்வெல் குளத்தில் கூப்பிட்ட குரல்

மிதவை விமானம் ஸ்பர்வெல் குளத்தில் இறங்கியபோது ஹெட்லி பட்ஜல் துறைப்பலகையின் நுனியில் நின்றுகொண்டிருந்தார். எந்த விருந்தாளி வந்தாலும் அங்கே நின்றுதான் வரவேற்பார். சட்டையின் மேல்பொத்தான்வரை போட்டிருக்கும். ரப்பர் பூட்ஸில் முந்தின நாள் சேறு இருக்காது. மூஸ் என்கிற பெரிய காட்டுமானை வேட்டையாடவென்று தீவின் நடுக்காட்டுக்குப் பறந்து வருகிறவர்கள் முதலில் பார்ப்பது வழிகாட்டியைத்தான். அவன் கோணலாக நின்றால் முகாமே கோணலாகத் தெரியும் என்பது அவர் கட்சி.

"ஆல்பர்ட்டாவுலேர்ந்து ஒரு ஆள், மாமா. தனியா வர்றாங்க" என்று மட்டும்தான் முகாம் முதலாளி வில்ஃப் சொல்லியிருந்தான்.

விமானத்தின் கதவு திறந்தது. முதலில் துப்பாக்கிப் பெட்டி வந்தது. பிறகு ஒரு துணிப்பை. அதற்குப் பிறகு மிதவைமேல் கால் வைத்து, கயிற்றைத் தானே எடுத்துத் துறைக்கட்டையில் இரண்டு சுற்று சுற்றிவிட்டு நிமிர்ந்தவள், அவருடைய மகள் டெல்லா.

ஹெட்லி அசையவில்லை. நீட்டுவதாக இருந்த கையை நீட்டினார்.

"ஹெட்லி பட்ஜல். உங்களுக்கு வழிகாட்டி."

டெல்லா அந்தக் கையைச் சற்று நேரம் பார்த்தாள். பிறகு பிடித்துக் குலுக்கினாள்.

"டெல்லா பட்ஜல். விருந்தாளி."

பையைத் தூக்கிக்கொண்டு போய் விருந்தாளிகளின் குடிலில் வைத்துவிட்டு, ஹெட்லி நேராகச் சமையற்கட்டுக்கு வந்தார். வில்ஃப் மேசையடியில் உட்கார்ந்து தேநீரை ஊதிக்கொண்டிருந்தான். சமையல்காரி ட்ரைஃபீனா வாணலியில் பன்றிக்கொழுப்பு உருக்கி மாவுரொட்டி பொரித்துக்கொண்டிருந்தாள். அவளும் ஹெட்லியின் ஊரான ஹெரிங் டிக்கிளைச் சேர்ந்தவள்தான், அடுத்த வீடு.

"ஏண்டா, பேரைச் சொன்னா வாய் வெந்துடுமா?"

"சொல்லியிருந்தா நீங்க முதுகுவலின்னு வீட்டுல படுத்திருப்பீங்க, மாமா."

"எனக்கு எந்தக் காலத்துலடா முதுகுவலி வந்துது?"

"அதான் சொல்றேன்."

ட்ரைஃபீனா வாணலியைப் பார்த்தபடியே சிரித்தாள். ஹெட்லிக்குக் காது சிவந்தது. வில்ஃப் குவளையைக் கீழே வைத்தான்.

"இதக் கேளுங்க. அடுத்த வருஷம் எனக்கு இன்னொரு வழிகாட்டி வேணும். டெல்லாவ நான்தான் கூப்பிட்டேன். ஆசைதான்னு சொல்லிச்சு. ஆனா ஊருக்கு வந்தா அந்த வீட்டுக்குள்ள நுழையலாமா கூடாதான்னு தெரியணும்னு சொல்லிச்சு. அதத் தெரிஞ்சுக்கத்தான் வந்திருக்கு. வேட்டையெல்லாம் சாக்கு."

"வேட்டைச் சீட்டு வாங்கி வந்திருக்காங்க. விருந்தாளி. விருந்தாளிக்கு என்ன செய்யணுமோ அதச் செய்வேன்."

"செய்யி செய்யி" என்றாள் ட்ரைஃபீனா. "நெஞ்சுல கெடக்கறத மட்டும் உப்புல போட்டுப் பீப்பாயில மூடி வை. குளிர்காலத்துக்கு ஆவும்."

டெல்லா ஒரு காலத்தில் இதே முகாமில் வழிகாட்டியாக இருந்தவள். அந்தப் பக்கத்திலேயே வழிகாட்டி உரிமம் எடுத்த முதல் பெண். அப்பனும் மகளும் இரண்டு இலையுதிர்காலம் சேர்ந்து வேலை செய்தார்கள். இரண்டாவது வருஷம் ஒருநாள், காயம்பட்ட மூஸின் ரத்தத்தடம் பிடித்துப் போகும் அவசரத்தில் விருந்தாளியை ஓர் இடத்தில் நிறுத்திவிட்டுப் போனாள். மூடுபனி இறங்கியது. அந்த மனிதர் நின்ற இடத்தில் நிற்காமல் நடந்து, சதுப்பில் இடுப்பளவு இறங்கி, இருட்டும் வேளையில்தான் அகப்பட்டார். உயிருக்கு ஒன்றுமில்லை. ஆனால் அன்று சாப்பாட்டு மேசையில், எல்லா விருந்தாளிகளும் பார்க்க, ஹெட்லி எழுந்து நின்று சொன்னார்: "ஆளை விட்டுட்டுப் போறவ பட்ஜல் குடும்பத்துல இல்ல."

மறுநாள் விமானத்தில் டெல்லா போய்விட்டாள். நாட்டின் மறுகோடியில், ஆல்பர்ட்டாவில் வேலை கிடைத்தது, ஒரு பையன் பிறந்தான், அவன் அப்பன் வேறு வழி பார்த்துக்கொண்டு போனான். இதெல்லாம் ஹெட்லிக்கு மனைவி எஃபி மூலமாகத் தெரியும். மகளோடு தொலைபேசியில் பேசுவது எஃபி மட்டும்தான். போன குளிர்காலத்தில் எஃபி கண்ணை மூடியபோது டெல்லா வந்தாள். தேவாலயத்தின் கடைசி வரிசையில் நின்றாள். வாசலில் அப்பனும் மகளும் அயலார் மாதிரி கைகுலுக்கிக்கொண்டார்கள். அதற்குப் பிறகு இன்று துறைப்பலகையில்தான்.

அந்த வார்த்தையை ஹெட்லி எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்திருக்கிறார். தப்பென்று அவருக்குத் தோன்றவில்லை. அது போன தூரம்தான் தாங்கவில்லை.

காலையில் இருட்டு பிரிவதற்குள் கிளம்பினார்கள். ஹெட்லி முன்னால், டெல்லா பின்னால். சதுப்பில் நடப்பது எல்லோருக்கும் வராது. பாசி மெத்தைமேல் கால் வைத்தால் அது தாழும். தாழ்கிறபோதே அடுத்த காலை எடுக்க வேண்டும். நகரத்து விருந்தாளிகள் முதல் மணிநேரத்தில் பூட்ஸ் நிறையத் தண்ணீர் மொண்டுவிடுவார்கள். பின்னால் வருகிறவளின் காலடி ஓசையே கேட்கவில்லை. கேட்கவில்லையே என்று காது அதையே தேடிக்கொண்டிருந்தது. இரண்டு தடவை, வழி பார்ப்பதுபோலத் திரும்பிப் பார்த்தார். இருந்தாள்.

சதுப்பு முடிகிற இடத்தில் காற்றில் கூனிப்போன குட்டை ஃபர் மரங்கள், கை நுழையாதபடி பின்னிக் கிடந்தன. அவற்றை ஒட்டிப் போய், மேட்டில் காற்றுக்கு எதிராக உட்கார்ந்தார்கள். ஹெட்லி பூர்ச்சம்பட்டைக் குழலை எடுத்து வாயில் வைத்து, பெட்டை மூஸ் கூப்பிடுவதுபோலக் கூப்பிட்டார். அடித்தொண்டையில் தொடங்கி மேலே ஏறி, ஏறிய இடத்தில் கொஞ்சம் நடுங்கி, பிறகு தாழ்ந்து இழுபட்டுப் போகும் குரல். மலைக்கு மலை போய்த் திரும்பி வந்தது. ஒன்றும் பதில் இல்லை. மழை பிடித்துக்கொண்டது.

மதியம் ஒரு பாறை மறைவில் தீ மூட்டினார். நனைந்த காட்டில் காய்ந்த சுள்ளி எங்கே இருக்கும் என்று தேடவே வேண்டாமல், டெல்லா ஃபர் மரத்தின் அடிக்கிளைகளை முறித்துக்கொண்டு வந்து போட்டாள். விருந்தாளி சுள்ளி பொறுக்கக் கூடாது. சொல்லத்தான் நினைத்தார். கெட்டில் கொதித்தது.

"தேநீர் எப்படிக் குடிப்பீங்க?"

"பால் இல்லாம. கரும்புப்பாகு போட்டு."

அவர் ஏற்கெனவே போட்டிருந்தார். நீட்டினார்.

"அங்க என்ன வேலை பாக்கறீங்க?" எல்லா விருந்தாளியிடமும் கேட்பதுதான்.

"லாரி ஓட்டறேன், ஸ்கிப்பர். எண்ணெய்மண் தோண்டற எடத்துல. ஒவ்வொரு லாரியும் ஒரு வீடு உசரம் இருக்கும்." ஸ்கிப்பர் என்பது ஊரில் பெரியவர்களைக் கூப்பிடும் மரியாதைச் சொல்; அப்பா என்று அவள் வாயில் வரவில்லை.

"என் வீட்டுக்காரி சொல்லியிருக்கா. அந்த ஊர்ல லாரியெல்லாம் ரொம்பப் பெருசுன்னு."

"உங்க வீட்டுக்காரிக்கு அதச் சொன்னதே நான்தான், ஸ்கிப்பர்."

ஹெட்லி தீயைக் குச்சியால் கிளறினார். கேட்க எவ்வளவோ இருந்தது. பையன் மீன் தின்கிறானா, இல்லை அந்த ஊர்ப் பிள்ளைகள் மாதிரி முகம் சுளிக்கிறானா. முடி எஃபியைப்போலச் செம்பட்டையா. குளிரில் டெல்லாவுக்குக் கை விரல் வெளுத்துப்போகுமே, இப்போதும் போகிறதா. அவள் குவளையை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். விரல் நுனிகள் வெள்ளையாகத்தான் இருந்தன. தன் கம்பளிக் கையுறைகளைக் கழற்றித் தீயருகே பாறையில் வைத்தார். "முகாம் கையுறை. விருந்தாளிங்களுக்குன்னு வச்சிருக்கோம்" என்றார்.

"இதுல உள்ளங்கை ஒட்டுப் போட்டிருக்கறது அம்மா தையல்."

"முகாமுக்கும் அவ தச்சுக் குடுத்திருக்கா."

டெல்லா சிரிக்கவில்லை. போட்டுக்கொண்டாள்.

இரண்டாம் நாளும் அப்படியே போயிற்று. ராத்திரிச் சாப்பாட்டில் உப்புமாட்டிறைச்சியும் முட்டைக்கோசும் பட்டாணிக் களியும். "என்ன, ஏதாவது கண்ணுல பட்டுதா?" என்று ட்ரைஃபீனா கேட்டாள். "இல்ல" என்றார் ஹெட்லி. "நான் மூஸக் கேக்கல" என்றாள் அவள்.

மூன்றாம் நாள் குளத்தின் தலைமாட்டில், ஒரு பெரிய தனிப் பாறையடியில் உட்கார்ந்திருந்தபோது டெல்லாவே பேச்செடுத்தாள்.

"வில்ஃப் என்னைய வேலைக்குக் கேட்டிருக்கான்."

"முகாம் விஷயம். முதலாளியோட பேசிக்குங்க."

"வந்தா தங்கறதுக்கு எடம் வேணும். பையனோட."

அவர் தொண்டையில் ஒரு வார்த்தை வந்து நின்றது. ஒரே வார்த்தை. ஆனால் அதைச் சொன்னால் அன்றைக்கு மேசையில் சொன்னதை எடுத்துக் கீழே போட்டதாகிவிடும். ஒரு பட்ஜல் சபையில் சொன்ன சொல்லை எடுத்ததாக யாரும் பார்த்ததில்லை. வாய் வேறு எதையோ சொன்னது.

"டிக்கிள்ல காலி வீட்டுக்கா பஞ்சம்? போனவங்க போட்டுட்டுப் போனது வரிசையா கெடக்கு."

டெல்லா தலையை ஆட்டினாள். "சரி, ஸ்கிப்பர். தெரிஞ்சுபோச்சு."

அந்தத் 'தெரிஞ்சுபோச்சு'வைக் கேட்டுக்கொண்டு அவரால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. எழுந்தார். குழலைப் பாறைமேல் வைத்தால் இவள் எடுத்து ஊதுவாள் என்று தோளில் மாட்டிக்கொண்டார்.

"நான் குளத்து முனையச் சுத்திப் பாத்துட்டு வர்றேன். இந்தப் பாறைய விட்டு அசையக் கூடாது. கூப்பிடறது என் வேலை."

முனையைத் தாண்டி ஆல்டர் புதருக்குள் இறங்கும்போதுதான் தெற்கிலிருந்து மூடுபனி வருவதைப் பார்த்தார். திரும்ப நினைப்பதற்குள் வந்து மூடிவிட்டது. நீட்டிய கை மங்கலாகத் தெரிந்தது. பனி விலகுமட்டும் நின்ற இடத்தில் நிற்பதுதான் முறை. நின்றார். ஆளை விட்டுவிட்டு வந்திருக்கிறோம் என்பது அப்போதுதான் உறைத்தது.

அந்த நேரத்தில்தான் குரல் கேட்டது.

பெட்டை மூஸ். பாறை இருக்கும் திசை இல்லை. குளத்தோரம், தாழ்வான பக்கம். குழலில் கூப்பிட்டால் விளிம்பில் ஒரு தகரச் சத்தம் தட்டும். இதில் அது இல்லை. டெல்லாவிடம் குழலும் இல்லை. உண்மையான பெட்டைதான். அவர் கேட்ட பெட்டைகளிலேயே இப்படி ஏங்கிக் கூப்பிட்டதைக் கேட்டதில்லை. ஏறி, நடுங்கி, விட மனமில்லாமல் தாழ்ந்தது. இப்படிக் கூப்பிடுகிற பெட்டையின் பக்கத்தில் கிடா ஒன்று நிற்காமல் இருக்காது. போட்டிக் கிடா மாதிரிப் போனால் அது வெளியே வரும். பனியோடு பனியாக அதைப் பாறைப்பக்கம் திருப்பிவிட்டால், மகளுக்கு ஒரு மூஸாவது கொடுத்த மாதிரி இருக்கும். அதைத்தானே தன்னால் கொடுக்க முடியும்.

பையிலிருந்த மூஸின் தோள்பட்டை எலும்பை எடுத்தார். காய்ந்த பழைய எலும்பு. அதை ஆல்டர் புதரில் மேலும் கீழும் உரசினால் கிடா கொம்பைத் தேய்க்கிற சத்தம் அச்சாக வரும். உரசினார். தொண்டைக்குள் உறுமினார். ஓர் அடி வைத்தார்.

பெட்டை பதில் சொன்னது. இப்போது இன்னும் கிட்டத்தில்.

இவர் உறுமினார். அது கூப்பிட்டது. காற்று திசை மாறியிருந்ததால் அதற்குத் தன் வாடை போகாது என்று நினைத்துக்கொண்டு, ஒவ்வொரு காலாக, சுள்ளியை வேண்டுமென்றே முறித்து, கனத்த மிருகம் நடப்பதுபோல நடந்தார். பக்கத்தில் போகப் போக அந்தக் குரல் அவர் நெஞ்சில் எதையோ பிடித்து இழுத்தது. தான் கிடா இல்லை, அறுபது தாண்டிய மனிதன், கையில் எலும்போடு நிற்கிறோம் என்பதுகூட ஒரு நொடி மறந்துபோயிற்று. கூப்பிடுகிறது, போக வேண்டும். அவ்வளவுதான்.

கடைசிப் புதரை விலக்கியபோது பனி சற்றுக் கிழிந்தது. எதிரே, பத்தடி தள்ளி, மண்டியிட்ட ஓர் உருவம். தோளில் துப்பாக்கி. அதன் வாய் அவர் நெஞ்சைப் பார்த்திருந்தது.

"அப்பா!"

டெல்லா துப்பாக்கியைத் தாழ்த்தினாள். தோட்டாவைக் கழற்ற மூன்று தடவை முயன்றாள். கழற்றியதும் பாசிமேல் வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள். வேட்டைக்காட்டில் ஆளென்று தெரிவதற்காக அவர் போட்டிருந்த ஆரஞ்சுத் தொப்பியை வெறித்துப் பார்த்தாள்.

"நீங்களா? உறுமினது நீங்களா?"

"கூப்பிட்டது நீயா? குழல் ஏது?"

"கையக் குவிச்சு. காத்து மாறிச்சு, அதான் பாறைய விட்டு எறங்கி வந்தேன்."

"அசையாதேன்னேன்."

"கிடா வருதுன்னு நெனச்சேன். நல்ல கிடா. கொஞ்சம் வயசானதுன்னு தோணிச்சு, மூச்சு வாங்கிச்சு."

ஹெட்லிக்கு முதலில் கோபம்தான் வந்தது. பிறகு அது எங்கே போயிற்றோ, அவர் தோள்கள் குலுங்கத் தொடங்கின. டெல்லாவும் சிரித்தாள். இருவரும் ஈரப்பாசியில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்கள். டெல்லாவின் சிரிப்பு பாதியில் வேறாக மாறியது.

"சுட்டிருப்பேன், அப்பா."

"சுட மாட்டே. முழு உடம்பு கண்ணுல படாம நீ சுட மாட்டே."

"எப்படித் தெரியும்?"

"எனக்குத் தெரியாதா?"

டெல்லா கையுறையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"என்னைய விட்டுட்டுப் போனீங்க" என்றாள். குற்றம் சாட்டுகிற குரல் இல்லை. வானம் இருட்டுகிறது என்று சொல்வதுபோலச் சொன்னாள்.

"ஆமா" என்றார் ஹெட்லி. "விட்டுட்டுப் போனேன்." தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "கோவத்துல போனேன். நீ அன்னிக்குப் போனது வேலையில. என்னுது அதவிட மோசம்."

டெல்லா பதில் சொல்ல வாயெடுத்தவள் அப்படியே நிறுத்தினாள். விரலை உயர்த்தினாள். பனி குளத்தின்மேல் ஏறி விலகிக்கொண்டிருந்தது. எதிர்க்கரையில், முழங்கால் தண்ணீரில், ஒரு கிடா நின்றிருந்தது. இத்தனை நேரமும் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்க வேண்டும். இரண்டு உள்ளங்கையை விரித்தது போன்ற கொம்பு. யாரைத் தேடி வருவது என்று தெரியாமல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தலையைத் திருப்பியது.

"உன் கிடா" என்றார் ஹெட்லி, மூச்சாக.

அவள் தோட்டாவைப் போட்டாள். காத்திருந்தாள். அது கரையேறிப் பக்கவாட்டில் திரும்பும்வரை காத்திருந்தாள். ஒரே வெடி.

மூஸை உரித்துக் கால்வேறு கைவேறாகப் பிரிப்பது இரண்டு ஆள் செய்தால் ஒரு பகல் வேலை. இவர்களுக்கு அரைப்பகல்தான் இருந்தது. டெல்லா கத்தியை எடுத்தாள், அவர் தடுக்கவில்லை. வயிற்றைக் கிழித்துக் குடலை இறக்கியபோது ஆவி எழுந்தது. ஈரலையும் இதயத்தையும் நாக்கையும் தனித் துணிப்பையில் போட்டார்கள். பின்னங்காலை உயரத் தூக்கி நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு ஹெட்லி நின்றார். அவர் உயரத்துக்கு இருந்தது அது. டெல்லா உள்தொடையில் தோலை வகிர்ந்துகொண்டு போனாள். பேச்செல்லாம் வேலைப்பேச்சு. இப்படித் திருப்பு. அங்க வெட்டாதே, மூட்டு இன்னும் கீழ. காக்கா வருது பாரு, மூடு.

அந்தக் காலைப் பிடித்தபடியே, முகம் தெரியாமல் அதன் பின்னால் நின்றுகொண்டு, ஹெட்லி சொன்னார்.

"வீடு இருக்கு."

"எந்த வீடு?"

"எந்த வீடுன்னு ஒரு கேள்வியா? நம்ம வீடு. வா. பையனக் கூட்டிக்கிட்டு வா."

கத்தி நின்றது. குளத்தில் முக்குளிப்பான் ஒன்று கூவியது. பிறகு கத்தி மறுபடி நகர்ந்தது.

"கால விட்டுடாதீங்க. இன்னும் கொஞ்சம் தூக்குங்க."

தூக்கினார்.

"சரின்னு இப்பச் சொன்னா பொய்யாப் போயிடும், அப்பா" என்றாள் டெல்லா. "அவனுக்கு அங்க பள்ளிக்கூடம் இருக்கு, சிநேகிதப் பசங்க இருக்கானுங்க. அவன் கடலையே பாத்ததில்ல. அம்மா இருந்தப்பவே இதச் சொல்லியிருந்தீங்கன்னா அன்னிக்கே ஓடி வந்திருப்பேன். இப்ப அவனக் கேக்கணும்."

"கேளு. நான் அவசரப்படுத்தல."

"அவசரப்படுத்தற மாதிரிதான் பிடிச்சிருக்கீங்க. கால் ஆடுது."

"கனம்டி. உன்னைவிடக் கனம்."

அன்றைய சாப்பாட்டு மேசையில் அவள் வேண்டாமென்று கண்ணைக் காட்டியும் கேட்காமல் ஹெட்லி எழுந்து நின்றார். தன் விருந்தாளியைத் தனியே விட்டுவிட்டுப் போனதையும், பனியில் இருவரும் மூஸ்போல மாறி மாறிக் கூப்பிட்டதையும் ஒன்றும் குறைக்காமல் சொன்னார். இதே மேசையில் ஒரு காலத்தில் மகளைப் பற்றிச் சொன்னதைச் சொல்லத் தனக்கு இனி யோக்கியதை இல்லை என்றும் சொன்னார். சொல்லிவிட்டு, நிமிர்ந்தபடியே உட்கார்ந்து, ஈரல் வறுவலைத் தட்டில் போட்டுக்கொண்டார். "அப்ப ஒருத்தர ஒருத்தர் கூப்பிட்டுத்தான் வந்தீங்களா? அதுக்கு எதுக்குய்யா விமானம் வச்சு இத்தனை தூரம்?" என்றாள் ட்ரைஃபீனா. முகாம் சிரித்தது. டெல்லா தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இறைச்சிப் பெட்டிகளோடு விமானம் கிளம்பிய காலையில் காற்று பலமாக அடித்தது. அப்பனும் மகளும் கைகுலுக்கவில்லை. டெல்லா அவருடைய சட்டைக் காலரைச் சரிசெய்தாள். அது சரியாகத்தான் இருந்தது.

"கேட்டுச் சொல்றேன்" என்றாள்.

"குளிர்காலத்துல லைன் சரியா இருக்காது. பல தடவை அடிச்சுப் பாரு."

விமானம் மேடு தாண்டி மறைந்த பிறகும் துறைப்பலகையில் நின்றார். அன்றைக்கு அடுத்த விருந்தாளி யாரும் வருவதாக இல்லை.

முகாமைப் பூட்டிவிட்டு எல்லோரும் ஹெரிங் டிக்கிளுக்குத் திரும்பி, முதல் பனி விழுந்த வாரம். ட்ரைஃபீனா ஒரு கிண்ணத்தில் மீன் கஞ்சியை மூடி எடுத்துக்கொண்டு ஹெட்லி வீட்டுக்குள் வந்தாள். சமையற்கட்டில் ஆள் இல்லை. பின்னறையில் வெளிச்சம் தெரிந்தது. எஃபி போனதிலிருந்து அதில் பழைய வலையும் உடைந்த ஜன்னல் சட்டங்களும்தான் அடைந்து கிடந்தன. இப்போது காலியாக இருந்தது. தரை கழுவியிருந்தது. சின்ன இரும்பு அடுப்பு ஒன்றைக் கொண்டுவந்து வைத்து, அதன் முன்னால் ஹெட்லி குந்தியிருந்தார். அடுப்பு சிவந்திருந்தது.

"யாருமே படுக்காத ரூமுக்கு எதுக்குய்யா இத்தனை வெறகு?"

"சுவர்ல ஈரம் ஏறிட்டா காயாது."

"வருஷம் பூரா ஏறாத ஈரம் இப்பத்தான் ஏறுதாக்கும்?"

"அவ வர்றேன்னு ஒண்ணும் சொல்லல" என்றார் ஹெட்லி.

"நான் யாரையும் கேக்கலியே."

ஹெட்லி முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, இன்னொரு கட்டையை எடுத்து அடுப்புக்குள் வைத்தார்.